மூன்று டாக்டர்களும் இவரும்

திங்கள், ஜூலை 7

காலையிலிருந்தே கச்சான், மேற்குக் காற்று. வாசலெல்லாம் புழுதி. இரண்டு முறை பெருக்கினேன், மூன்றாவது முறை விட்டுவிட்டேன். பி.பி. 142/90. நாடி 78.

இந்த நோட்டு மகள் கவிதாவின் உத்தரவு. கோயம்புத்தூரில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு உத்தரவு. தினமும் பி.பி. எழுதி வைக்க வேண்டுமாம். எழுதுகிறேன். மிச்ச இடத்தில் என் இஷ்டத்துக்கு எழுதுவேன். முப்பத்திரண்டு வருடம் தாலுகா ஆபீசில் அடுத்தவன் சொன்னதை எழுதியது போதும்.

சித்திரையில் உத்தரகோசமங்கையில் ஒரு கல்யாணம். பந்தியில் இலை போட்ட பிறகு நெஞ்சுவலி. பாயசம் வருவதற்குள் என்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மதுரையில் ஸ்டென்ட் ஒன்று. அங்கே போன வாரம் சொன்னது: "ராமநாதபுரத்துலயே ஒரு கார்டியாலஜிஸ்ட்ட வச்சுக்கங்கம்மா. மாசா மாசம் அவர்ட்ட காட்டுங்க. ஆறு மாசத்துக்கு ஒருக்கா இங்க வந்தாப் போதும்."

ஊர் பூராவும் இப்போது எனக்கு டாக்டர் தேடுகிறது.

கவிதா: பைபாஸ் ரோட்டில் புது ஆஸ்பத்திரி. நெட்டில் நாலரை நட்சத்திரமாம். லாட்ஜுக்குக் கொடுப்பது போல.
தம்பி பாலு: அவன் சர்க்கரைக்குப் பார்க்கிறவர். "தங்கமான மனுசன்க்கா."
பக்கத்து வீட்டு பாத்திமா லாத்தா: பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம், உரக்கடை மாடி.
இவர்: "ஒனக்கு எது தோணுதோ."

இவர் என்றால் என் வீட்டுக்காரர், சண்முகவேல். மின்வாரியத்தில் லைன்மேன், ரிடையர்டு. முப்பது வருடம் கம்பம் ஏறிய ஆளுக்கு ஒரு கருத்து சொல்ல வாய் வரவில்லை.

செவ்வாய், ஜூலை 8

பி.பி. 138/88. வெயில் கொளுத்துகிறது.

பைபாஸ் ஆஸ்பத்திரி. வாசலில் நீரூற்று. குடிக்கத் தண்ணீருக்கு வண்டி எதிர்பார்த்து நிற்கிற ஊரில் மூன்று அடுக்கு நீரூற்று, நடுவில் கல் வாத்து. உள்ளே நுழைந்ததும் ஒரு பெண், "வெல்கம் மேம்." நான் மேம் இல்லை, நோயாளி என்றேன். சிரித்தாள். சிரிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் போல.

மெயின் ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஆஸ்பத்திரி வாசல் வரை நடை. இவர் நடுவழியில் நின்று செருப்பு வாரை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். வாசல் சரிவில் மறுபடியும். "புதுச் செருப்பு வாங்கித் தொலைங்க" என்றேன். "ம்" என்றார்.

ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு. டாக்டர் பார்த்தது நாலு நிமிடம். கடிகாரம் அவர் தலைக்கு மேலேயே இருந்ததால் தெரியும். முகத்தைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரைப் பார்த்தார். என் கையைக்கூடத் தொடவில்லை.

"எக்கோ, டி.எம்.டி., ஃபுல் பிளட் வொர்க், எல்லாம் எடுத்திருங்க. பேக்கேஜா இருக்கு."

"எக்கோ எடுத்து மூணு வாரம்தான் ஆகுது சார். ஃபைல்ல இருக்கு."

"அது அவங்க மெஷின்ல எடுத்தது."

என் இதயம் அதேதானே என்று கேட்டேன். அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்தாயிற்று.

வெளியே வந்து மேம் பெண்ணிடம் கேட்டதில், இந்த டாக்டர் மதுரையிலிருந்து செவ்வாயும் சனியும் மட்டும் வருகிறவர். "புதன்கிழம நெஞ்சு வலிச்சா?" "டியூட்டி டாக்டர் பாப்பாரு மேம்." ஆக, என் நெஞ்சு செவ்வாய், சனி பார்த்து வலிக்க வேண்டும். நீரூற்று டாக்டர் தள்ளுபடி.

புதன், ஜூலை 9

பி.பி. 146/92. காரணம், வீடியோ காலில் கவிதா.

"ஏம்மா எல்லார்ட்டயும் ஒரு குத்தம் கண்டுபிடிக்கிற? ரிவ்யூ எல்லாம் நல்லாத்தான இருக்கு."

"எழுதுனவன் எல்லாம் நீரூத்து முன்னாடி நின்னு போட்டா எடுத்தவன்."

"அய்யாட்ட குடு."

அவளுடைய அய்யா போனை வாங்கி, "சரித்தா, சரித்தா" என்று பத்து முறை. எதற்குச் சரி என்று அவருக்கும் தெரியாது. போனை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். பட்டப்பகல் பதினொரு மணிக்கு. ரிடையர் ஆனதிலிருந்து படுக்கை ஒன்றுதான் உத்தியோகம். ஸ்டென்ட் வைத்தது எனக்கு, ஓய்வு இவருக்கு.

வியாழன், ஜூலை 10

பாலுவின் தங்கமான மனுசன். பலகையில் எழுதியிருந்தது அப்படியே: இதயம், சர்க்கரை, தைராய்டு, மூட்டு, குழந்தையின்மை. பலசரக்குக் கடையில்கூட மாட்டுத் தீவனம் தனியாக வைத்திருப்பார்கள்.

நான் கேட்டது: "சார், நீங்க ஹார்ட்டுக்குன்னு தனியாப் படிச்சிருக்கீங்களா?"

பாலு என் முழங்கையில் இடித்தான். டாக்டருக்கு முகம் மாறவில்லை. பழக்கம் போல. "இருவது வருசமா ஹார்ட்தான்மா பாக்குறேன்." நானும் முப்பத்திரண்டு வருடமாக கலெக்டர் கையெழுத்தைப் பார்த்தேன். கலெக்டர் ஆகவில்லை.

என் கையில் நீலமாக ஒரு கன்றல். பூரிக்கட்டை இடித்தது. அதைப் பார்த்தவர், "ரத்தம் ரொம்ப எளகிருச்சு. ரத்தத்த எளக்க ரெண்டு மாத்திர இருக்குல்ல, அதுல இந்த ஒண்ண நிறுத்திருவோம்" என்று சீட்டில் ஒரு கோடு. மதுரை ஃபைலைத் திறக்கவே இல்லை. அதன் மேல் கையை வைத்துக்கொண்டே பேசினார்.

பாலுவுக்கு ஒரே பெருமை. "பாத்தியாக்கா, மாத்திரையக் கொறைக்கிற டாக்டர் எங்க கிடைப்பாங்க?"

சாயங்காலம் அந்த மாத்திரையை எடுக்கவில்லை. உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஒரு மாத்திரை குறைந்தால் பாதி குணமான மாதிரி. இதை இங்கே தவிர வேறெங்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெள்ளி, ஜூலை 11

காலை மாத்திரை நேரம். இவர் ஒரு கையில் தண்ணீர், ஒரு கையில் நிறுத்திய மாத்திரை.

"இது வேணாம்னுட்டார்ல?"

"மதுரைக்கு ஒரு போனப் போட்டுக் கேட்டுக்கயேன். கிளம்புறப்ப அந்த நர்சு பொண்ணு இதத்தான் ரெண்டு தடவ சொல்லுச்சு."

"லைன்மேன் எப்ப டாக்டர் ஆனீங்க?"

இவர் மாத்திரையை டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு, போனில் நம்பரைப் போட்டு என் கையில் கொடுத்தார். அங்கே எடுத்த நர்ஸ், "எதம்மா நிறுத்துனீங்க? பேரப் படிங்க" என்றாள். படித்தேன். அதற்கப்புறம் அந்தப் பெண் போட்ட சத்தம் அடுப்படி வரை கேட்டது.

"ஸ்டென்ட் வச்சு மூணு மாசங்கூட ஆகல! அத நிறுத்துனா உள்ள ரத்தம் கட்டி அடச்சிரும்மா! இப்பவே போடுங்க! நா லைன்லயே இருக்கேன்."

போட்டேன். விழுங்கியது அவளுக்குக் கேட்டிருக்கும். டாக்டரிடமும் கேட்டுவிட்டு வந்து, இனி ஒரு வேளைகூட விடக் கூடாது என்றாள். பலசரக்கு டாக்டர் ஒரு கோடு போட்டார், நான் சந்தோஷமாக அந்தக் கோட்டில் நடந்திருக்கிறேன். படித்தவள் என்று பேர்.

இவர் காலி டம்ளரைக் கழுவி வைத்தார். ஏதாவது சொல்லியிருந்தால் திருப்பிச் சொல்லியிருக்கலாம். பி.பி. 158/96.

சனி, ஜூலை 12

பாலு வந்தான். நடந்ததைச் சொன்னேன். "அவரு சொன்னா ஏதாச்சும் காரணம் இருக்கும்க்கா" என்றான். ஏலே, உன் சர்க்கரையையாவது அவர் கண்டுபிடித்தாரா, இல்லை அதுவும் உன் பொண்டாட்டி கண்டுபிடித்ததா என்று கேட்டேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். சீனி போடாத காப்பி. போனால் போகட்டும்.

ஞாயிறு, ஜூலை 13

பி.பி. 140/88. தண்ணீர் லாரி வந்தது. குடம் தூக்கக் கூடாது என்று எனக்குத் தடை. இவர் தூக்கினார். ஒரு குடம் வைத்துவிட்டு மதில் பக்கம் ஒரு நிற்பு, அடுத்த குடம், மறுபடியும் நிற்பு. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். "ஆம்பளைக்கு நாலு கொடம் தூக்க நாலு நாளா?" என்று வாசலிலிருந்தே சத்தம் போட்டேன். தெருவே கேட்டிருக்கும்.

பாத்திமா லாத்தா அவருடைய வேலைக்காரப் பெண்ணை அனுப்பி மிச்சக் குடத்தை எடுத்து வைத்தார். அப்புறம் மதில் வழியாக என்னிடம், "ஈஸ்வரி, நாளைக்கு அந்த உரக்கடை டாக்டரப் போயிப் பாரு. எங்க ஊட்டு ஆளுக்கு மூச்சு வாங்குனப்ப அவருதான் பாத்தாரு. கொஞ்சம் சிடுசிடுன்னு பேசுவாரு. அல்லா லேசாக்குவான், போயிட்டு வா." சரி என்றேன். சிடுசிடுப்பு எனக்குத் தெரியாததா.

திங்கள், ஜூலை 14

இதை மதுரையில் எழுதுகிறேன். கையெழுத்து எனக்கே பிடிக்கவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணி. உரக்கடை. கீழே யூரியா மூட்டை, பூச்சி மருந்து வாடை. பக்கத்தில் செங்குத்தாகப் படிக்கட்டு, இருபத்திரண்டு படி. இதய நோயாளியை மாடி ஏறி வரச் சொல்கிற இதய டாக்டர்! அந்த ஆளுக்குப் பட்டம் கொடுத்தவனைத் தேட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஏறினேன். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. இவர் பின்னால்.

மேலே பிளாஸ்டிக் நாற்காலி, நாலு வருடப் பழைய காலண்டர். உள்ளே டாக்டர். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பையில் மைக் கறை. மேஜையில் பொட்டலம் பிரித்து காராச்சேவு. ஹார்ட் டாக்டர், காராச்சேவு! எழுந்து வந்துவிடலாமா என்று ஒரு நிமிடம்.

ஃபைலை வாங்கினார். படித்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒரு வார்த்தை பேசாமல், விரலை வைத்துக்கொண்டு. பத்து நிமிடம் இருக்கும். பிறகு கையைப் பிடித்து நாடி. இரண்டு கையிலும் பி.பி. காலை அமுக்கி வீக்கம். முதுகில் குழாய். சித்திரைக்கு அப்புறம் என்னை ஒரு டாக்டர் இவ்வளவு நேரம் தொட்டுப் பார்த்தது இன்றுதான்.

"மாத்திர எதையாச்சும் விட்டீங்களா?"

"ஒரு நாள்." சொல்லிவிட்டேன். யார் சொல்லி என்பதையும் சொன்னேன்.

"அவரு சொன்னாரு, சரி. நீங்க படிச்சவங்கதான?" என்றார். அதோடு விட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அப்புறம்தான் நடந்தது. எனக்குச் சீட்டு எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல், இவரிடம் கேட்டார்.

"அய்யா, நீங்க ஏன் படியில ரெண்டு எடத்துல நின்னீங்க?"

மேஜை மேல் ஒரு சின்ன டி.வி. அதில் படிக்கட்டு தெரிகிறது. வருகிறவர்கள் எப்படி ஏறுகிறார்கள் என்று பார்ப்பதற்கே கேமரா வைத்திருக்கிறார். நோயாளி, கூட வந்தவர் எல்லாரையும்.

"செருப்பு வாரு…" என்றார் இவர்.

"ரெண்டு தடவையும் செருப்பா?"

இவர் என்னைப் பார்த்தார். டாக்டர் எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். நான் தெரியாத மாதிரி, மறைத்துக்கொண்டு. வேண்டுமென்றேதான்.

"எங்கிட்ட சொல்லுங்க. நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கா?"

"நடந்தா வரும். நின்னா போயிரும்."

"எப்பலேருந்து?"

"மாசியிலேருந்து."

மாசி. எனக்கு வந்தது சித்திரை.

"இப்ப?"

"இப்ப சும்மா உக்காந்திருந்தாலும் வருது. நேத்து தண்ணி எடுக்கையில ரொம்ப."

"வீட்டுல சொல்லலையா?"

இவர் குரலைத் தாழ்த்தினார். "அதுக்குள்ள இவளுக்கு வந்துருச்சு. ஒரு வீட்டுல ரெண்டு பேரு படுத்தா எப்படி? அதுவும் போக, சொன்னா நடிக்கிறேன்னு சொல்லுவா."

டாக்டர் மறைத்துக்கொண்டு நின்றாலும் எனக்குக் காது கேட்குமே.

சொல்லியிருக்கிறேன். பொங்கல் முடிந்து கேஸ் சிலிண்டர் நகர்த்தியபோது நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். "நெஞ்சு வலிக்கிற அளவுக்கு என்ன வேல பாத்துட்டீங்க? நடிக்காதீங்க" என்று நான்தான். அது தையா, மாசியா தெரியவில்லை. அதற்கப்புறம் என் முன்னால் அவர் நெஞ்சைத் தடவியதே இல்லை. செருப்பைத்தான் தடவினார்.

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டு முகத்தில் எதையும் காட்டாமல் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைத்தார். அவரே மதுரைக்குப் போன் செய்தார். "இன்னைக்கே போங்க. சாயங்காலம்னு வேணாம், இப்பவே. ஆம்புலன்சு சொல்லிட்டேன்."

இவர் சொன்னது: "நாளைக்குப் போவோமே சார். இவளுக்கு மத்தியானம் சாப்பாடு இருக்குல்ல, நேரத்துக்கு மாத்திர போடணும்."

அங்கேயே, டாக்டர் முன்னால், கம்பவுண்டர் முன்னால், நான் அழுதேன். நாற்பது வருடத்தில் இவர் முன்னால் நான் அழுதது எங்கள் அய்யா செத்ததற்கு ஒரு முறை.

இரண்டு பேர் நாற்காலியில் உட்கார வைத்து இவரைப் படியில் இறக்கினார்கள். கம்பத்தில் ஏறியவர். நாற்காலியின் இரண்டு கையையும் இறுகப் பிடித்திருந்தார்.

செவ்வாய், ஜூலை 15

ஆஞ்சியோ முடிந்தது. இரண்டு அடைப்பு. ஒன்று கிட்டத்தட்ட முழுசாக. இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார். இரண்டு ஸ்டென்ட்.

கவிதா வந்துவிட்டாள். வந்ததும், "உனக்கு ஒண்ணுமே தெரியலையாம்மா? ஒரே வீட்டுலதான இருக்கீங்க?" என்று கேட்டாள். இவள் வாயை அடைக்க என்னிடம் எப்போதும் பத்துப் பதில் இருக்கும். இன்று அவள் கையிலிருந்த பையை வாங்கி வைத்தேன்.

என் பி.பி. பார்க்கவில்லை. மெஷின் ஊரில்.

வியாழன், ஜூலை 17

வார்டுக்கு மாற்றினார்கள். பாலு ஆப்பிளோடு வந்தான். "ஒனக்கு ஒரு ஸ்டென்ட், மச்சானுக்கு ரெண்டு. மச்சான் ஜெயிச்சுட்டாருக்கா" என்று சிரித்தான். அறிவுகெட்டவன். ஆனால் சிரித்துவிட்டு வராண்டாவுக்குப் போய் மூக்கைச் சிந்தினான், பார்த்தேன். இனி டாக்டரை மாற்றுகிறேன் என்றான். மாற்றினால் பார்ப்போம்.

அந்த நர்ஸ், போனில் கத்தியவள், இங்கேதான் இருக்கிறாள். சின்னப் பெண். "நீங்கதான அந்த மாத்திர அம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இப்படியா பேர் வாங்குவது.

இவர் இட்லி சாப்பிட்டார். "ஒனக்கு?" என்று கேட்டார். வாயில் வைத்ததை முழுங்கிவிட்டுப் பேசுங்கள் என்றேன்.

திங்கள், ஜூலை 21

வீடு. புழுதி ஒரு விரல் கனம். பாத்திமா லாத்தா சாப்பாடு அனுப்பியிருந்தார், உப்புக் குறைத்து. "ஒங்க ரெண்டு பேருக்கும் அல்லாட்ட துவாச் செஞ்சேன்." அந்த டாக்டரைச் சொன்னதற்கு நன்றி என்று சொல்ல வேண்டும். "சாப்பாட்டுல புளி தூக்கலா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். அப்புறம் மதில் அருகே மறுபடி போய், சரியாகச் சொன்னேன்.

டாக்டர் முடிவு: உரக்கடை. இரண்டு பேருக்கும். கவிதாவிடம் சொன்னதற்கு, நெட்டில் அவருக்கு இரண்டு நட்சத்திரம்தான், "ரூட் பிஹேவியர்", "நோ ஏ.சி.", "ஸ்டெப்ஸ்" என்று எழுதியிருக்கிறார்கள் என்று படித்துக் காட்டினாள். எழுதியவர்கள் முட்டாள்கள். எல்லாம் உண்மை, ஆனாலும் முட்டாள்கள்.

புதன், ஆகஸ்ட் 6

காற்று இல்லை. புழுக்கம். என் பி.பி. 132/84, இவருக்கு 126/80.

காலையில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்று போனார். திரும்பி வந்தார்.

"ஈசு, நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கு. நடிக்கல."

கத்தியை எங்கே போட்டேன் என்று தெரியாது. ஆட்டோ. உரக்கடை வாசலில் இறங்கியதும் நான் கீழேயிருந்தே கத்தினேன். கேமராவில் பார்த்திருப்பார் போல, டாக்டரே இறங்கி வந்தார், பின்னால் ஈ.சி.ஜி. மெஷினோடு கம்பவுண்டர். கடைக்காரர் மூட்டைகளைத் தள்ளிவிட்டு பெஞ்சைப் போட்டார். யூரியா வாடையில், உரம் வாங்க வந்த சாயல்குடிக்காரர் ஒருவர் துண்டால் விசிற, இவருக்கு ஈ.சி.ஜி. என்ன ஆஸ்பத்திரி இது.

டாக்டர் காகிதத்தைப் பழையதோடு வைத்துப் பார்த்தார். ஒரு மாற்றமும் இல்லை. கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி எடுத்தார். அதுவும் அப்படியே.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"மொச்ச."

"யாரு குடுத்தா?"

நான்தான் என்றேன்.

"வாயுதான். ஆனா இதுக்கும் வாங்க. பத்து தடவ வாயுவாவே இருந்துட்டுப் போகட்டும், எனக்கு நட்டமில்ல" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டார். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லத் தெரியாத மனுசன்.

ஆட்டோவுக்கு நின்றோம். இவருக்கு வெட்கம். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒன்னய வீணா அலைய விட்டுட்டேன்."

வழக்கமாக நான் என்ன சொல்வேனோ, அது நாக்கு நுனி வரை வந்தது.

"அடுப்படி வாசல்ல நின்னு யோசிக்கிறது இனிமே வேணாம்" என்றேன். "வந்தா ஒடனே சொல்லணும்."

"சரி."

"என்ன சரி?"

"ஒடனே சொல்றேன்."

ஆட்டோ வந்தது. ஏறும்போது கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொண்டார்.